கூரை மழையும் கணக்குப் பாடமும்

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சேர்வது ஒரு லிட்டர் நீர் என்னும் எளிய உண்மை, மழைநீர்ச் சேகரிப்பை 2003ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கிய தமிழ்நாட்டில்கூடப் பெரும்பாலும் வகுப்பறைக்கு வெளியே நின்றுவிடுகிறது. 200 சதுர மீட்டர் பள்ளிக் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் விழும்; உறிஞ்சப்படுவதும் சிதறுவதும் போக வழிந்துவரும் பங்கைக் குறிக்கும் ‘வழிந்தோடல் குணகம்’ 0.8 எனக் கொண்டால் 8,000 லிட்டர் எஞ்சும். அதைத் தாங்க நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரண்டிரண்டு மீட்டர் கொண்ட தொட்டி வேண்டும் என்று மாணவர்களே கண்டறியும்போது, தசமமும் கன அளவும் கைக்கருவிகளாகின்றன.

இத்தகைய பாடத்துக்கும் தடையாவது எண்களைக் கண்டதும் எழும் அச்சமான ‘கணிதப் பதற்றம்’; அது தகவலைச் சற்று நேரம் மனத்தில் தாங்கும் செயல்படு நினைவாற்றலை அடைத்துக்கொள்வதால், தெரிந்த கணக்கும் தவறிப்போகிறது என்பது உளவியலாளர் விளக்கம். கணக்கு வராமை பிறவிக்குணம் என்று பேசும் வீடுகளிலேயே ஏலச்சீட்டுத் தள்ளுபடியை மனக்கணக்காகத் தீர்க்கும் தாய்மார் இருப்பது விந்தை. மதிப்பெண் கழிக்காமல், பிழையாக அளந்தவரை மீண்டும் அளக்கவிடும் ஆசிரியரே இங்கு முதல் தேவை. அளவு நாடாவும் மழைமானியும் அடுத்தவை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், கூரையை அளக்கச் செப்டம்பரே ஏற்ற மாதம்.