காகிதக் குவளையின் உட்பூச்சு

தேநீர்க் கடைகளில் தரப்படும் காகிதக் குவளை வெறும் காகிதம் அல்ல. தேநீர் ஊறிக் கசியாதிருக்க அதன் உட்புறத்தில் மெல்லிய பாலிஎத்திலீன் பூச்சு உண்டு. சிக்கலே அதில்தான். 85 முதல் 90 டிகிரி செல்சியஸ் சூடுள்ள 100 மில்லி நீரை இத்தகைய குவளையில் 15 நிமிடம் வைத்திருந்தால், ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலப்பதைக் கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். உடலில் இத்துகள்கள் விளைவிக்கும் தீங்கின் அளவு இன்னும் ஆய்வில் இருக்கிறது. அதற்காக அவற்றைத் தினமும் விழுங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பூச்சைப் பிரிப்பது கடினம் என்பதால் மறுசுழற்சியும் எளிதல்ல.

தமிழகத்தில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்கில் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அத்தடையை உறுதிசெய்தது. ஆனாலும் தெருவுக்குத் தெரு அதே குவளைதான். அபராதம் மட்டும் இதை மாற்றாது. ஒரே வாளித் தண்ணீரில் முக்கியெடுக்கும் கண்ணாடித் தம்ளரை அருவருத்தே பலர் காகிதக் குவளைக்கு மாறினர். தம்ளர் கழுவக் குழாய்த் தண்ணீரும் வடிகால் வசதியும் சிறு கடைகளுக்குக் கிடைக்க உள்ளாட்சிகள் வழிசெய்ய வேண்டும்.