'ஸ்கிப்' அடிக்கச் சொல்கிறவர்களோடு ஒரு சண்டை

தெரணியகலைத் தோட்டங்களிலிருந்து கொழும்புக்குப் போய் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற எங்கள் கூட்டத்தில் ஒருத்தனுக்கு அன்று இரவு டியூட்டி. மைஎஸ்கியூஎல் பிரதி பாதியில் நின்றுவிட்டது. திரையில் பிழை எண் 1062. மேலதிகாரிக்குப் போன் போட்டால் அரைத்தூக்கத்தில் ஒரே பதில்: "ஸ்கிப் பண்ணிட்டுத் தூங்கு மல்லி."

இந்தப் பதிலோடுதான் எங்களுக்குச் சண்டை.

மூலத்தில் எழுதப்பட்ட புதிய வரியைப் பிரதியிலும் எழுதப் போனால், அதே சாவியோடு அங்கே ஏற்கெனவே ஒரு வரி உட்கார்ந்திருக்கிறது. அதுதான் 1062. யார் வைத்தது? பெரும்பாலும் யாரோ பிரதிக்குள்ளேயே நேரடியாகக் கைவைத்திருப்பார்கள். 1032 இதற்குத் தம்பி: மாற்றவேண்டிய வரியைத் தேடிப் போனால் அது அங்கே இல்லை. இரண்டுமே "ரெண்டு பக்கமும் இப்ப ஒண்ணா இல்லை" என்று இயந்திரம் போடுகிற கூச்சல். ஸ்கிப் அடித்தால் கூச்சல் அடங்கும், வித்தியாசம் அப்படியே கிடக்கும். எந்தப் பிழை வந்தாலும் தாண்டிப் போ என்று செட்டிங்கிலேயே எழுதி வைக்கிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். அப்புறம் பார்த்தால் பிரதியின் தாமதம் 0 வினாடி, எல்லாம் பச்சை. வந்து சேர்ந்த மாற்றங்களை ஓட்டி முடித்தாச்சு என்பதை மட்டும்தான் அந்த 0 சொல்கிறது. இரண்டு பக்கமும் ஒன்றா என்று அது பார்ப்பதே இல்லை.

நின்றால் நிற்கட்டும். பைனரி லொக்கைத் திறந்து எந்த மாற்றம் முட்டியது என்று பாருங்கள். அந்த வரியை இரண்டு பக்கத்திலும் எடுத்து ஒப்பிடுங்கள். பிரதியை வாசிக்க மட்டும் என்று பூட்டுங்கள். அட்டவணைகளை ஒப்பிட்டுப் பார்க்கப் பெர்கோனாவின் செக்சம் கருவி இலவசமாகவே கிடைக்கிறது. விலகல் எவ்வளவு என்று தெரியவில்லையா, பிரதியை அழித்து மூலத்திலிருந்து மறுபடி கட்டுங்கள்.

அழிக்கிறபோது எந்த மெஷினில் நிற்கிறோம் என்று இரண்டு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். 2017 ஜனவரி 31இல் கிட்லேப் நிறுவனத்தில் பின்தங்கிய பிரதியைச் சரிசெய்யப் போன பொறியியலாளர், பிரதி என்று நினைத்து மூலத்தின் கோப்புறையையே அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், போஸ்ட்கிரஸ் பதிப்பு பொருந்தாமல் அது சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. சுமார் 6 மணி நேரத்துத் தரவு போனது. அவர்கள் அதை மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். அதற்கொரு சலாம்.

நம்ம நாட்டுக் கதை இவ்வளவு அழகில்லை. 2023 ஆகஸ்ட் 26இல் லங்கா கவர்மென்ட் கிளவுட்டை ரேன்சம்வேர் பிடித்தது. சுமார் 5000 அரச மின்னஞ்சல் கணக்குகள், அமைச்சரவை அலுவலகத்துடையவை உட்பட. கூடவே இணைப்பில் இருந்த பேக்கப்பும் பூட்டப்பட்டுப் போனது. மே 17 முதல் அன்று வரையான கடிதங்களுக்கு வேறு நகலே இல்லை. இன்னொரு நகல் பக்கத்திலேயே இருக்கிறது என்ற தைரியம் எதற்குக் காணும்? மூலத்துக்கு வருகிற கேடு, இணைந்திருக்கிற பிரதிக்கும் போகத்தானே செய்யும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு கோபமாக எழுதுகிறோம் என்றால், எங்கள் வீட்டில் இந்தப் பிழையோடுதான் வாழ்கிறோம். எங்களில் ஒருத்தியின் அம்மா முப்பது வருஷம் றப்பர்ப் பால் வெட்டியவர். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒன்று, தோட்டத்துச் செக்ரோலில் இன்னொன்று. முத்துலெட்சுமி என்ற பேரைச் சிங்களத்தில் ஒருவர் கேட்டு எழுதி, அதை இன்னொருவர் ஆங்கிலமாக்கி, மூன்றாமவர் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று நீங்களே எழுதிப் பாருங்கள். ஈபிஎஃப் காசு கேட்டுப் போனால், மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி கொண்டு வா என்கிறார்கள். எழுதினது அவர்கள், பொருந்தவில்லை என்று அலைகிறது அம்மா. அரைநாள் பேரு போகும், பஸ் காசு போகும்.

இதில் செக்சம்கூட உதவாது. லத்தீன்1 என்று போட்ட பழைய அட்டவணையில் தமிழை ஏற்றினால், கண்டிப்பான பயன்முறை போடாத மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு எழுத்தையும் கேள்விக்குறியாக்கிச் சேமிக்கும். பிரதி அந்தக் கேள்விக்குறிகளை ஒன்று விடாமல், அவ்வளவு விசுவாசமாக நகலெடுக்கும். இரண்டு பக்கமும் பொருந்துகிறது, பிழையே இல்லை, பேரையும் காணோம்.

இப்போது இந்திய நன்கொடையோடு டிஜிட்டல் அடையாளத் திட்டம் வருகிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தப்பான பேரை ஒரு இடத்தில் ஏற்றினால் இனி எல்லாக் கந்தோருக்கும் அதுதான் போகும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிழையைத் திருத்தக் கேட்கிற உரிமை எழுதப்பட்டிருக்கிறது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டிய பகுதிகளைத் தள்ளிப்போட்டார்கள்.

ஆகவே ஏற்றுவதற்கு முன்னால் தோட்டத்துக்கு வாருங்கள். பெரட்டுக்களத்தில் ஒரு மேசை போட்டு, ஒவ்வொரு பேரையும் தமிழில் வாசித்துக் காட்டி, "இது சரியாம்மா?" என்று அந்த ஆளிடமே கேளுங்கள். எங்களுக்குத் தட்டச்சும் தெரியும், மூன்று பாஷையும் தெரியும். வந்து உட்கார நாங்கள் தயார்.

அந்த இரவு நம்ம ஆள் ஸ்கிப் அடிக்கவில்லை. விடிய நாலு மணி வரைக்கும் ஒப்பிட்டதில் 1062 வந்த வரியோடு இன்னும் பதினொரு வரிகள் கோணலாக இருந்திருக்கின்றன.