மீள்வரைவு ஒரு பதிப்புப் பணி

கையால் தீட்டப்பட்ட மோட்டார்க் காரின் தொழினுட்பப் படமொன்றைக் கணினியில் வெக்டர் மென்பொருள் கொண்டு மீள வரைதல் எத்தகைய முயற்சி? இவ்வினாவுக்கு எம்மிடையே இரு விடைகள் வழங்கி வருகின்றன. ஒருசாரார் அதனை இயந்திரம் செய்யும் வேலையென இகழ்வர். மற்றொருசாரார் அதனைத் தமது சொந்தப் படைப்பென உரிமை கொண்டாடி, அடியில் தம் பெயரைப் பொறிப்பர். இவ்விரு விடைகளும் பிழையானவை என்பதே இக்கட்டுரையின் துணிபு. மீள்வரைவு, ஏட்டுச்சுவடியை அச்சேற்றுவதை ஒத்ததொரு பதிப்புப் பணி. பதிப்பாசிரியனுக்கு வேண்டிய அறிவும் ஒழுக்கமும் மீள வரைபவனுக்கும் வேண்டும்.

முதற்கண், மீள வரையப்படும் பொருள் யாதெனத் தெளிதல் அவசியமாகும். இங்கிலாந்தின் ‘ஓட்டோகார்’ சஞ்சிகையில் மாக்ஸ் மில்லர், யப்பானில் யொஷிஹிரோ இனோமோட்டோ, அமெரிக்காவில் டேவிட் கிம்பிள் முதலியோர் வளர்த்த மரபு இது. இவ்வகை ஓவியத்தில் காரின் வெளித்தகடு ஆங்காங்கே வெட்டி நீக்கப்பட்டாற் போலவோ, கண்ணாடி போல் ஊடுருவித் தெரிவதாகவோ காட்டப்படும். எஞ்சின், கியர்ப்பெட்டி, சில்லைத் தாங்கும் வில், ஆசனத்தின் உட்சட்டம் யாவும் ஒரே பார்வையிற் புலனாகும். முழுமையான காரொன்றின் முன் நிற்கும் புகைப்படக் கருவிக்கு இக்காட்சி அகப்படாது. தகட்டை எங்கே வெட்டுவது, எவ்வுறுப்பை முன்னே நிறுத்துவது, எதனை மங்கலாக்குவது என்பன யாவும் பொறியியல் வரைபடங்களைக் கற்ற ஓவியன் மேற்கொண்ட முடிவுகள். ஆகவே இவ்வோவியம் கண்டதைக் காட்டுவதோடு அமையாது, அறிந்ததை விளக்கவும் செய்கின்றது.

இனிக் கணினியை இகழ்வோரை நோக்குவோம். வெக்டர் மென்பொருள், படத்தை வண்ணப் புள்ளிகளின் திரளாகச் சேமியாது, கோடுகளாகவும் வளைவுகளாகவும் பதிவு செய்கின்றது. அதன் வளைவு பெரும்பாலும் நான்கு புள்ளிகளால் அமைவது: முனைகள் இரண்டு, வளைவை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் இரண்டு. எவ்வளவு பெருப்பித்தாலும் அவ்வளைவின் கூர்மை குன்றாது. இக்கணிதம் வளர்ந்த இடமே கார்த் தொழிற்சாலை என்பதை இகழ்வோர் அறிதல் நன்று. 1959 இல் சிட்ரோயன் நிறுவனத்தில் போல் டி கஸ்டெல்ஜோவும், 1960களில் ரெனோ நிறுவனத்தில் பியேர் பெசியேயும் காரின் உடற்றகட்டு வளைவுகளை எண்களாற் குறிக்க வகுத்த முறையே பின்னர் 1984 இன் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியிலும், 1987 இன் அடோபி இலஸ்ட்ரேட்டரிலும் இடம்பெற்றது. 2003 இல் தோன்றிய இங்க்ஸ்கேப் அதே வளைவை விலையின்றி மாணவர் கைக்கு எட்டச் செய்தது. காரின் வளைவுக்கென வகுத்த கருவியைக் காரின் ஓவியத்துக்குப் பயன்படுத்துவதில் இழிவு யாது?

எனினும் அக்கருவியில் ஒரு சூழ்ச்சியும் உண்டு. தானாகவே கோடெடுக்கும் கட்டளையொன்றை இம்மென்பொருள்கள் வழங்குகின்றன. ஓவியத்தை வருடியெடுத்து, அக்கட்டளையை அழுத்தினால் சில நொடிகளில் ஆயிரக்கணக்கான கோடுகள் தோன்றும். நிறமும் வெளிச்சமும் மாறும் எல்லைகளைத் தேடி அங்கே கோடிடுவதே அதன் தொழில். நிழலின் விளிம்பு எது, இரும்பின் விளிம்பு எது என்பதை அது அறியாது. ஒரே நிறத்தில் அடுத்தடுத்துள்ள இரண்டு உறுப்புகளை ஒன்றாக்கிவிடும். உருளையின் மேல் விழுந்த ஒளிக்கீற்றைத் தனியொரு தகடாக்கிவிடும். தூர நின்று பார்ப்போருக்குப் படம் போன்றே தோன்றும் அதனைக் கார் அறிந்தவர் பார்த்தால் அது ஓடாத வண்டி.

தமிழ் பயிலும் எமக்கு இச்சிக்கல் புதியதன்று. ஏட்டுச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இருக்கவில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. ரகரமும் காலும் ஒன்றுபோலத் தோன்றின. மொழியறியாதவன் அவற்றைக் கண்டபடி பெயர்த்தெழுதினால் பிழை பெருகுமேயன்றிப் பாடம் கிடைக்காது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையையும், அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும் அச்சேற்றியபோது ஒவ்வோர் எழுத்துக்கும் பொருள் தேடியே முடிவு கண்டனர். சமண நெறி அறியாமற் சிந்தாமணியின் பொருள் விளங்காதெனக் கண்ட சாமிநாதையர், கும்பகோணத்துச் சமணரிடம் சென்று கேட்டறிந்தார். தெரிந்தவரிடம் செல்லுதலைத் தம் புலமைக்கு இழுக்காக அவர் கருதவில்லை.

இவ்விடத்தே கலைப்பீட மாணவராகிய எமது பொய்ப் பெருமிதம் இடித்துரைக்கப்பட வேண்டியதாகின்றது. கார் எஞ்சினின் படத்தை மீள வரைய முனையும் ஒருவன், அக்கரைப்பற்றில் வாகனம் திருத்தும் கராஜ் ஒன்றின் வாசலை மிதிக்கக் கூசுகின்றான். ஆயின் எந்தக் குழாய் எங்கே செல்கின்றது, எந்த ஆணி எதனைப் பிடிக்கின்றது என்பதைப் படத்திலிருந்தே வாசித்துக் காட்டவல்லவர் அங்கே எண்ணெய் படிந்த கையோடு நிற்பவரேயாவர். அவரை அணுகாது வரையப்படும் மீள்வரைவு, சமணரிடம் செல்லாது பதிப்பித்த சிந்தாமணிக்கு ஒப்பாகும்.

எமது கரையோரத்திலேயே இதற்கோர் உயர்ந்த முன்மாதிரி உண்டு. அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை செல்லும் வீதியிலுள்ள காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1947 இல் வெளிவந்த யாழ் நூலில், வழக்கொழிந்த யாழ்களின் உறுப்பமைதியை நூற்சான்றுகளாலும் கணிதத்தாலும் மீட்டுரைத்தார். சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையின் அடிகளைத் தொடக்கமாகக் கொண்டெழுந்த அவ்வாய்வு, தமிழ்ப் புலமையும் விஞ்ஞானக் கல்வியும் ஒருவரிடத்தே கூடியமையாற் கைகூடியது. கருவியொன்றை மீள வரைவதற்கு அதன் இயக்கம் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதனினும் அணித்தான சான்று எமக்கு வேண்டுவதில்லை.

மீள்வரைவைத் தமதெனக் கொள்வோருக்குக் கூறவேண்டியது வேறு. தாமோதரம்பிள்ளை கலித்தொகையைத் தாம் பாடியதாகக் கூறினாரல்லர். ஆனால் எமது ஊர்ப் பதாகைகளிலும் கைத்தொலைபேசிப் பக்கங்களிலும், மூல ஓவியனின் கையொப்பம் அழிக்கப்பட்டு, மீள வரைந்தவன் பெயர் மட்டும் துலங்கும் படங்களைக் காண்கின்றோம். பல வாரங்கள் குனிந்திருந்து உழைத்தவனின் பெயரைத் துடைத்தெறிவது உழைப்புச் சுரண்டலின் ஒரு வடிவமேயாகும். சட்டமும் இதற்கு இடங்கொடுக்கவில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், தன் பெயர் குறிக்கப்பட வேண்டுமென்னும் உரிமையை ஓவியனுக்கு வழங்குகின்றது. பிரதி செய்வதற்கும் மாற்றியமைப்பதற்கும் இசைவளிக்கும் உரிமையும் அவனுடையதே. இவ்வுரிமைகள் பொதுவாக அவன் வாழ்நாளிலும் அதன்பின் 70 ஆண்டுகளும் நிலைபெறும்.

பார்த்து வரைந்தே கலை பயில வேண்டும், வறிய மாணவனுக்கு வேறு ஆசிரியர் எங்கே என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பயிற்சிக்காக வரைதலை நான் மறுக்கவில்லை. அன்றியும், வளைவு வளைவாகத் தொடர்ந்து செல்லும் கை, ஓவியன் எங்கே தயங்கினான், எதனைத் துணிந்து விடுத்தான் என்பதையெல்லாம் கற்கின்றது. தானாகக் கோடெடுக்கும் கட்டளை பறித்துக்கொள்வதும் இக்கல்வியையே. பயின்றேன் எனக் கூறுவதற்கும் படைத்தேன் எனக் கூறுவதற்கும் இடையிலுள்ள தூரத்தை மறைப்பதே குற்றமாகும்.

ஆகவே பல்கலைக்கழகக் கண்காட்சிகளில் இடம்பெறும் எந்த மீள்வரைவுக்கும் மூன்று நிபந்தனைகள் விதிக்கப்பட வேண்டும். மூல ஓவியனின் பெயரும் படம் வெளிவந்த இடமும் படத்திலேயே பொறிக்கப்படல் வேண்டும். உயிரோடிருப்பவராயின் அவரது இசைவும் பெறப்படல் வேண்டும். மூலத்தில் மங்கியோ சிதைந்தோ போன பகுதிகளை மீள வரைபவன் ஊகித்து நிரப்பியிருப்பின், அவ்வூகம் மென்பொருளின் தனியடுக்கொன்றில் வேறு நிறத்தால் பிரித்துக் காட்டப்படல் வேண்டும். பதிப்பாசிரியன் பாடபேதத்தை அடிக்குறிப்பிற் காட்டுவது இதுவே. மூன்றாவதாக, படத்திலுள்ள உறுப்புகளின் பெயர்கள், கராஜில் வழங்கும் சொல்லோடு, தமிழிற் பட்டியலிடப்படல் வேண்டும். பெயர் சொல்லத் தெரியாத உறுப்பை வரைந்தவன் அதனை அறிந்து வரைந்தான் என்று எவ்வாறு நம்புவது? இம்மூன்றும் இல்லாத படத்தைச் சுவரில் ஏற்றுவதற்கு எமது தமிழ்ச் சங்கம் உடன்படலாகாது.