உறுமினதுக்கு அடியா?

வீட்டில் ஆறேழு வருஷமாக ஒரு ராஜபாளையம் இருக்கிறது. ஒரு நாள் யாரோ அட்டைப்பெட்டியில் ஒரு குட்டியைக் கொண்டுவந்து அதன் மூக்குக்கு நேராக இறக்கி விடுகிறார்கள். "பாரு, உனக்குத் தம்பி!" அது உறுமுகிறது. உடனே முதுகில் ஒரு அடி. "பொறாமை புடிச்ச நாயி" என்ற பட்டம் வேறு.

பொறாமையும் இல்லை, மண்ணும் இல்லை. உறுமல் என்பது "கிட்ட வராதே" என்ற எச்சரிக்கை. அதற்கு முன்பே அது முகத்தைத் திருப்பியிருக்கும், உதட்டை நக்கியிருக்கும், தூக்கமே வராமல் கொட்டாவி விட்டிருக்கும். நார்வேயின் நாய்ப் பயிற்சியாளர் டூரிட் ருகாஸ் இந்த ஜாடைகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். சின்னக் குட்டிக்கு இதெல்லாம் எங்கே புரியும்? ஊசிப் பல்லால் காதைப் பிடித்துத் தொங்கும். அடித்து அடித்து உறுமலை நிறுத்திவிட்டால் மிச்சம் இருப்பது கடி மட்டும்தான். அப்புறம் "திடீர்னு கடிச்சிடுச்சு" என்று ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடப்படுவது அந்தப் பழைய நாய்தான்!

முதல் சந்திப்பு, பழைய நாய் தன் இடமாக நினைக்காத இடத்தில் நடக்க வேண்டும். ஆளுக்கொரு நாயைப் பிடித்துக்கொண்டு, வாரை இழுக்காமல், தள்ளித் தள்ளி ஒரே திசையில் நடந்தால் போதும். (தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்கக் கூடாது, பார்வோ வரும். மொட்டைமாடி பரவாயில்லை.) சோற்றுத் தட்டு தனித்தனி. ஆள் இல்லாத நேரத்தில் அறையும் தனித்தனி. சில வீடுகளில் இது மாதக்கணக்கில் இழுக்கும். பெரியது மோந்து பார்த்துவிட்டு எழுந்து போனால் போகட்டும், குட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓட வேண்டாம்.