பலகை இல்லாத பெயர்

நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே மாலையில் சில மணி நேரமே வியாபாரம் நடக்கும் அல்வாக் கடையைத் தெரியாதவர் யார்? வடநாட்டிலிருந்து வந்து இங்கு குடியேறிய ராஜபுத்திரக் குடும்பம் தொடங்கிய கடை. பெயர்ப் பலகை கிடையாது. மங்கலான விளக்கடியில் வாங்கிப் போன ஜனங்களே 'இருட்டுக்கடை' என்றார்கள், அதுவே நிலைத்தது. அதை நடத்தியவர் பிஜிலி சிங். இந்தியில் பிஜிலி என்றால் மின்னல்!

வந்தவரையும் அவர் கிண்டிய பண்டத்தையும் தனதாக்கிக்கொண்ட ஊர் நம் ஊர். 'திருநெல்வேலிக்கே அல்வாவா?' என்று பழமொழியே பிறந்துவிட்டது.

இன்றோ பளிச்சென்ற விளக்கைப் போட்டுவிட்டு, பலகையில் 'இருட்டு' என்று எழுதுகிறார்கள் சிலர். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் வாங்கி ஏமாறும் வெளியூர்க்காரர் அந்தக் கடையையா திட்டுவார்? நம் ஊரைத்தான் திட்டுவார். நஷ்டம் நம் எல்லோருக்கும்.

வணிக நண்பர்களே, இரவல் பெயர் வேண்டாம். தகப்பனார் பெயரோ தெருப் பெயரோ போதும். அதை டிரேட் மார்க்காகப் பதிவு செய்துகொள்ளுங்கள். சரக்கு சுத்தமாகவும் எடை சரியாகவும் இருந்தால், மற்றப் பெயரை வாடிக்கையாளர் வைப்பார்.