கூழும் போளையும்

ஒடியற் கூழ் படத்திற்கு ஆகாத உணவு என்றொரு கருத்து இன்று நம்மிடையே பரவி வருகின்றது. அதன் நிறம் மங்கல். தோற்றமோ சேற்றை ஒத்தது. ஆகவே அதனைக் கமெராவுக்கு ஏற்றவாறு திருத்தியே காட்டவேண்டும் என்பது இக்கருத்துடையோர் வாதம். இவ்வாதம் பிழையானது. அதனினும் மேலாக, கூழின் சுவையையே அது கெடுத்து வருகின்றது என்பதே எமது குற்றச்சாட்டு.

குருநகரில் ஒரு வீட்டு முற்றத்தில் யான் கண்டதை முதலிற் கூறிவிடுகிறேன். கூழ் காய்ச்சி இறக்கியாயிற்று. படமெடுக்க வந்தோர் அகன்ற கோப்பையொன்றைக் கேட்டு வாங்கினர். அதனுள்ளே ஒரு சிரட்டையைக் கவிழ்த்து, அதன்மேல் வேறாக அவித்து வைத்திருந்த பெரிய நண்டொன்றை இருத்திச் சுற்றிலும் கூழை வார்த்தனர். நண்டு செக்கச் சிவந்து அரசவையில் வீற்றிருப்பது போல வீற்றிருந்தது. அவியாத முருங்கையிலை மேலே தூவப்பட்டது. அரை மணி நேரம் படமெடுத்தார்கள். அதற்குள் கூழில் ஆடை படர்ந்துவிட்டது. கோப்பையைக் கழுவ எடுத்த மூதாட்டி, "உதுக்குள்ள ஏன் மோனை சிரட்டை கிடக்கு?" என்று கேட்டார். படமெடுத்தவர் சிரித்தாரேயன்றி விடை கூறினாரல்லர்.

அவர் கூறாத விடை பழையது. அமெரிக்காவின் கம்பெல் சூப் நிறுவனம் தன் விளம்பரப் படங்களிலே கோப்பையின் அடியிற் கண்ணாடிப் போளைகளை இட்டது. கீழே தங்கும் மரக்கறித் துண்டுகள் மேலே நிறைந்து தெரிவதற்கான உபாயம் இது. மக்களை ஏமாற்றும் செயல் எனக் கண்ட அந்நாட்டுக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு, 1970 ஆம் ஆண்டில் அதனைத் தடைசெய்து கட்டளை பிறப்பித்தது. பொருளை விற்கும் முதலாளிக்குப் போளை தேவைப்பட்டது. அதை நாம் விளங்கிக்கொள்ளலாம். எதையும் விற்காத எமது இளைஞர்களுக்குச் சிரட்டை எதற்கு?

சிரட்டையோடு இது நின்றுவிட்டாலும் பொறுத்துக்கொள்ளலாம். படத்தைப் பார்த்துச் சமைக்கும் வழக்கம் இப்போது வீடுகளுக்குள்ளும் புகுந்துவிட்டது. கூழின் சுவை எங்கிருந்து வருகின்றது என்பதை ஈண்டுச் சிறிது நோக்குதல் தகும். பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்துப் பெறுவது ஒடியல். அதன் மாவை நீரில் ஊறவிட்டுத் தெளிந்த நீரை வடித்துவிட்டாற்றான் கசப்பு நீங்கும். பானையில் அரிசியும் பலாக்கொட்டையும் பயற்றங்காயும் மரவள்ளிக்கிழங்கும் முதலில் அவியவேண்டும். பின்னர் மீன்தலையும் சிறுமீனும் இறாலும், உடைத்துப் போட்ட நண்டும் சேரும். நண்டை உடைப்பது அதன் சாறு வெளியேறுவதற்காக. கரைத்த மாவும், அரைத்த செத்தல்மிளகாயும் மஞ்சளும், பழப்புளியும் அதன் பின்னரே. முருங்கையிலை கூழோடு வெந்து கறுத்துத்தான் போகும், போகவும் வேண்டும். இவ்வாறு காய்ச்சிய கூழில் எது நண்டு, எது மீன் என்று கண் பிரித்தறிய முடியாது. நாக்கு மட்டுமே அறியும். படத்திற்காகச் சமைப்பவரோ நண்டைச் சிவப்பாக வைத்திருக்கும் பொருட்டுத் தனியே அவித்து இறுதியில் வைக்கிறார். சாறு முழுவதும் வேறு சட்டியிற் போய்விடுகின்றது. எஞ்சுவது உறைத்த மாக்கஞ்சி.

முழு நண்டைக் கூழின் அடையாளமாக்குவதில் இன்னொரு பொய்யும் உண்டு. கரையூர் என முன்னர் வழங்கிய குருநகரின் கடலிலே பிடிபடும் நீலக்கால் நண்டிற் பெரியது வீட்டுப் பானைக்கு வருவதில்லை. நிறுத்து விற்கப்பட்டு ஏற்றுமதிக்குச் செல்கின்றது. கால் கழன்றதும், சிறுத்ததும், வாங்குவோர் ஒதுக்கியதுமே வீட்டுக்கு வரும். அவற்றோடு விலைபோகாத மீனும் சேர்ந்து, பத்துப்பேர் பசியாற ஒரே பானையில் வெந்தது கூழ். விற்றபின் எஞ்சியவற்றிலிருந்து உழைக்கும் மக்கள் ஆக்கிய உணவு அது. அதன் நடுவே ஏற்றுமதி நண்டைக் கொலுவிருத்துவது அவ்வுழைப்பையும் அவ்விழப்பையும் ஒருங்கே மறைப்பதாகும். "யாழ்ப்பாணத்துச் சுவை" என்று படத்தின் கீழ் எழுதுவோர் பிடித்தவர் ஊரையும் காய்ச்சியவர் பெயரையும் எழுதாமல் விடுவதும் இதனோடு பொருந்தியே வருகின்றது.

படங்கள் இல்லையேல் ரொறன்ரோவிலும் லண்டனிலும் வளரும் பிள்ளைகள் கூழை எவ்வாறு அறிவார்கள் என நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒடியல் மா அங்குள்ள தமிழ்க் கடைகளிலும் கிடைக்கின்றது. சமைத்துப் பார்க்கும் ஆவலும் அப்பிள்ளைகளுக்கு உண்டு. அதனாலேயே படம் உண்மை பேசவேண்டும் என்கிறேன். செம்மையான நண்டைப் பார்த்துச் சமைக்கும் பிள்ளை அந்தச் செம்மையையே நாடும். சுவை வராதபோது கூழையே பழிக்கும்.

யான் கமெராவின் பகைவன் அல்லன். கூழை நன்கு படமெடுக்க முடியும். மேலிருந்து எடுத்தால் அது சேறுதான். கைத்தொலைபேசியின் மின்னொளி நேரே விழுந்தால் இன்னும் மோசம். குசினி வாசலின் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். கூழின் தடிப்பும், அதிற் புதைந்து கிடக்கும் பலாக்கொட்டையின் வளைவும் தாமே எழுந்து தெரியும். பின்னே இருண்ட சுவரும், ஒளி பின்புறமிருந்து வருமாறு நிற்கும் இடமும் கிடைத்தால் ஆவி புலப்படும். கோப்பை வேண்டாம். பனையோலைப் பிளாவை இரு கையாலும் ஏந்திக் குடிப்பவரை, அவர் சம்மதத்தோடு எடுக்கலாம். உறைப்பில் அவர் நெற்றி வியர்ப்பதை எந்தச் சிவப்பு நண்டு காட்டும்? காய்ச்சும்போதே எடுத்தால் இன்னும் நன்று: மா கரைக்கும் கை, நண்டை உடைக்கும் கை, அகப்பையில் ஒரு துளி எடுத்து உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்க்கும் கை. இதற்கெல்லாம் கூழைத் திருத்தவேண்டியதில்லை. விரைவு ஒன்றே வேண்டும். இறக்கிச் சில நிமிடங்களில் ஆடை படர்ந்துவிடும். அதற்குள் எடுத்து முடித்துக் கமெராவை வைத்துவிட்டு, படமெடுத்தவரும் ஒரு பிளாவுக்குக் கை நீட்டலாம்.