பசுவும் ஊசி மருந்தும்

சென்ற மாதம் ஒரு மாலை அயல்வீட்டுப் பெரியவர் சிறிய போத்தலொன்றுடன் வந்து, “மாஸ்டர், இதில் எழுதியிருக்கிறதை ஒருக்கால் வாசித்துச் சொல்லுங்கோ” என்றார். அவருடைய பசுவுக்கு உண்ணித் தொல்லை. வயிற்றிற் பூச்சியும் உண்டெனச் சந்தேகம். ஆட்டுப்பட்டி வைத்திருக்கும் உறவினர் ஒருவர் மருந்தையும் ஊசியையும் கொடுத்து, பத்து மில்லிலீற்றர் ஏற்றினாற் போதும் என்றாராம். அன்றிரவே ஏற்றிவிட எண்ணியிருந்தார்.

மருந்தின் பெயர் ஐவர்மெக்ரின். 1970களின் தொடக்கத்தில் யப்பானிய அறிஞர் சற்றோசி ஓமுரா தம் நாட்டு மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிரே இதற்கு மூலம். அதன் ஆற்றலை அமெரிக்காவில் வில்லியம் காம்பெல் குழுவினர் கண்டறிந்தனர். 1981இற் கால்நடைகளுக்கென வந்த இம்மருந்து, பின்னர் ஆபிரிக்க மக்களின் பார்வையைப் பறித்த ஆற்றுக் குருட்டு நோயையும் அடக்கியது. 2015இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

அத்தகைய மருந்தாயினும் கண்மதிப்பில் ஏற்றலாகாது. நூற்றுக்கு ஒரு வீதக் கரைசலாயின், 50 கிலோகிராம் நிறைக்கு 1 மில்லிலீற்றரே அளவு. தராசு இல்லாத வீட்டிலும் நிறையை அறிய வழியுண்டு. நெஞ்சின் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதனை அதனாலேயே பெருக்கி, தோள்முனை முதற் பின்புட்ட எலும்பு வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 300ஆல் வகுத்தால் இறாத்தற் கணக்கு வரும். நாம் நாடாவுடன் சென்று அளந்தோம். சுற்று 54, நீளம் 45. ஏறக்குறைய 437 இறாத்தல், அதாவது 198 கிலோகிராம். (மாணவர் கணக்கைச் சரிபார்க்கலாம்.) நாலு மில்லிலீற்றருக்குப் பத்து! குறைத்து ஏற்றுவதும் பிழையே. சாகாது தப்பும் பூச்சிகள் மருந்துக்கு அஞ்சாத சந்ததியைப் பெருக்கும். ஊசியும் தோளருகே தளர்ந்த தோலின் கீழ்ச் செல்லவேண்டுமேயன்றி, தசையிலோ இரத்த நாளத்திலோ அன்று.

ஆயினும் எம்மைத் திடுக்கிடச் செய்தது வேறொரு வரி. மனிதர் அருந்தும் பாலைத் தரும் பசுக்களுக்கு இதனை ஏற்றலாகாது என்றிருந்தது. கொழுப்பிற் கரையும் இம்மருந்து பல நாட்கள் பாலிற் கசியும், காய்ச்சினாலும் நீங்காது. இறைச்சிக்கென வளர்க்கும் மாட்டுக்கே அமெரிக்காவில் 35 நாள் பொறுக்கவேண்டும்.

பெரியவர் பேசவில்லை. அப்பசுவின் பாலே, இரண்டு வயது நிரம்பாத அவர் பேத்திக்குக் காலையும் மாலையும் போகிறது.

போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். மறுநாள் வந்த மிருக வைத்தியர் முதலிற் கேட்டதும், “பால் யாருக்குப் போகிறது?” என்பதுதான்.